சிறைப்பட்ட காற்று

கோயமுத்தூர்க்காரர்களுக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஊருக்கு மேற்கே மலைத்தொடர் கோட்டைச் சுவரைப் போல் நிற்கிறது. அந்தச் சுவரில் பாலக்காட்டுக்கு நேராகச் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்து கிடக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் அந்த வாசல் வழியாகக் காற்று பாய்ந்து வரும்போது பொள்ளாச்சித் தென்னைகள் ஓயாமல் தலையாட்டும். உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் காற்றாலைகள் சுழன்று மின்சாரம் தரும். வீதியில் போகிறவர்களின் குடைகள் எதிர்ப்பக்கமாக மடங்கிக்கொள்ளும். ஊரின் இதமான சீதோஷ்ணத்துக்கும் அந்த வாசல்தான் பெருங்காரணம்.

இப்படிக் காற்றின் தயவில் வாழ்ந்து வந்த நான், அதே காற்றில் ஒரு மூன்று படி, போகக்கூடாத குழாய் ஒன்றுக்குள் அகப்பட்டுக்கொண்டால் என்ன பாடு படுத்தும் என்பதைச் சென்ற சித்திரை மாதத்தில் வால்பாறை மலைப் பாதையில்தான் தெரிந்துகொண்டேன். பதினெட்டு வருஷங்களாகப் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் போதித்து வரும் எனக்கு, அதைப் போதித்தவர் எட்டாம் வகுப்பைத் தாண்டாத ஒரு டிரைவர். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் இல்லை. வெட்கப்பட வேண்டிய வேறு ஒரு காரியத்தை நான் அன்று செய்யவிருந்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் தாயார் பிறந்தது வால்பாறைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில். என் தாத்தா அந்தத் தோட்டத்து ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தார். பதினெட்டாம் வயதில் கல்யாணமாகிச் சமவெளிக்கு இறங்கிய அம்மா, தாத்தா காலமான பிறகு ஒருமுறைகூட மலை ஏறவில்லை. இப்போது எழுபத்தாறு வயதாகிறது. சென்ற தைப்பொங்கல் அன்று திடீரென்று, "நாங்க இருந்த வீட்டு வாசல்ல ஒரு சில்வர் ஓக் மரம் இருந்துச்சு. எங்கப்பா நட்டது. அது இருக்குதா இல்லையான்னு ஒருக்காப் பாத்துட்டு வந்துரோணும்" என்றாள். அம்மா எதையும் இரண்டு தடவை கேட்கிறவள் அல்லள். ஆகவே கோடை விடுமுறை விட்டதும் நான், மனைவி, மகள், அம்மா நால்வரும் ஒரு வாடகை வேனில் புறப்பட்டோம்.

விடியற்காலையில் கிளம்புவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் வேனின் தண்ணீர் பம்பு முதல் நாள் கசியத் தொடங்கியிருந்தது. காலையில் பட்டறை திறந்ததும் அதை மாற்றிக்கொண்டு டிரைவர் வந்து சேரும்போது மணி பன்னிரண்டரை. அறுபது வயதுக்கு மேற்பட்ட மனிதர். அன்னூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இரண்டு ஏக்கர் தோட்டமும் ஒரு கிணறும் உண்டு. தோட்டத்தை மகன் பார்த்துக்கொள்ள, அவர் வேன் ஓட்டுகிறார். வேன் அவருடைய சொந்தம். சொந்தம் என்றால், இன்னும் பதினான்கு மாதத் தவணை பாக்கி இருக்கிற சொந்தம். "பட்டறையில கூட்டமுங்க. எல்லாம் ஒரே அவசரத்துல செஞ்சு குடுத்தாங்க" என்று தாமதத்துக்குச் சமாதானம் சொன்னார். அந்த 'அவசரம்' என்ற சொல்லை அப்போது நான் கவனிக்கவில்லை.

உக்கடத்தைத் தாண்டி, ஈச்சனாரிப் பிள்ளையாருக்கு வண்டியிலிருந்தபடியே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கிணத்துக்கடவு வழியாகப் பொள்ளாச்சிக்குப் போனோம். பொள்ளாச்சி, மோட்டார் வண்டிகளின் சரித்திரத்தில் ஒரு முக்கியமான ஊர். பின்னாளில் கோயமுத்தூரின் தொழில் மேதையென்று பெயர் பெற்ற ஜி. டி. நாயுடு, 1920-ஆம் ஆண்டில் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கியது இங்கிருந்துதான். அந்தக் காலத்து மோட்டார்களில் பலவற்றுக்குத் தண்ணீரைச் சுற்றவைக்கும் பம்பே கிடையாது. சுட்ட தண்ணீர் மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும் என்ற இயற்கை நியதியையே நம்பி அவை ஓடின. உலகம் முழுவதும் பரவிய ஃபோர்டு 'டி' மாடல் கார்கூட அந்த ரகந்தான். மேடு வந்தால் வண்டி கொதிக்கும். கிளீனர் பையன் தகர டப்பாவுடன் ஓடைக்கு ஓடுவான். 1939-இல் மூண்ட யுத்தத்தின்போது பெட்ரோல் பஞ்சம் ஏற்பட்டு, பஸ்களின் பின்னால் கரியடுப்பைக் கட்டி அந்த வாயுவில் ஓட்டினார்கள். மலைப் பாதைகளில் பிரயாணிகள் இறங்கித் தள்ளுவது டிக்கெட்டோடு சேர்ந்த கடமையாக இருந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அங்கலகுறிச்சியைத் தாண்டியதும் ஆனைமலைத் தொடர் கண்ணெதிரே எழுந்து நிற்கிறது. அடிவாரத்தில் ஆழியாறு அணை. வனத்துறைச் சாவடியில் பெயரும் வண்டி எண்ணும் எழுதிக்கொள்கிறார்கள். குரங்கு அருவியைக் கடந்ததும் ஏற்றம் தொடங்குகிறது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். அதில் கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் நாற்பது. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கிறது. என் மகள் ஒன்று, இரண்டு என்று உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒன்பதாவது வளைவில், 'லோம்ஸ் வியூ' என்று சொல்லும் இடத்தில், வண்டியை நிறுத்திக் கீழே பார்த்தோம். ஆழியாறு நீர்த்தேக்கம் வெயிலில் வெள்ளித் தாம்பாளம் போல் கிடந்தது. பாறை விளிம்பில் இரண்டு வரையாடுகள், எங்களைப் போல் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்ட அலட்சியத்தோடு நின்றுகொண்டிருந்தன. அம்மா மாத்திரம் கீழே பார்க்கவில்லை. மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பன்னிரண்டாவது வளைவைத் திரும்பியதும் டிரைவர் பேச்சை நிறுத்திவிட்டார். அவர் பார்வை பாதையிலும், எதிரே இருந்த உஷ்ணமானியின் முள்ளிலுமாக மாறி மாறிப் போயிற்று. முள் விசித்திரமாக நடந்துகொண்டது. திடீரென்று மேலே துள்ளும், பிறகு ஒன்றும் நடவாததுபோல் கீழே இறங்கும், மறுபடியும் துள்ளும். எங்கேயோ பானையில் சோறு கொதிப்பதுபோல் 'களக் களக்' என்ற சப்தம் கேட்டது. பதின்மூன்றாவது வளைவுக்குச் சற்று முன்னால், பாதை கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில் அவர் வண்டியை ஓரங்கட்டினார். பின் சக்கரங்களுக்கு இரண்டு பெரிய கற்களை முட்டுக் கொடுத்தார். முன்பக்கத்திலிருந்து ஆவி குபுகுபுவென்று கிளம்பியது.

மணி மூன்று. இன்னும் இருபத்தெட்டு வளைவுகள் பாக்கி. பொழுது சாய்ந்தால் யானைகள் நடமாடுகிற பாதை. வண்டிக்குள்ளே எழுபத்தாறு வயதுத் தாயார். எனக்குப் பொறுமை இருக்குமா? "தண்ணீர் குறைந்துவிட்டது, அவ்வளவுதானே? ஊற்றினால் சரியாகிவிடும்" என்று தீர்மானித்தேன். டிரைவர் பின்பக்கம் போயிருந்தார். நான் ஒரு துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைப் பிடித்தேன். ஒரு கால் திருப்பு திருப்பியிருப்பேன்.

"ஏனுங்க வாத்தியாரய்யா! கைய எடுங்க! கைய எடுங்கன்னு சொல்றனுங்க!"

அவர் ஓடி வந்து என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டார். அறுபது வயதுக்காரருக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் தமது சட்டைக் கையை மேலே தள்ளிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரையில் தோல் வெளுத்துச் சுருங்கி, பழைய காகிதத்தைக் கசக்கி ஒட்டியதுபோல் இருந்தது.

"இருபத்திரண்டு வயசுல வாங்கினதுங்க. அப்ப நான் லாரியில கிளீனர். திம்பம் மலையில வண்டி கொதிச்சுப் போச்சு. டிரைவரு 'மூடியத் தொறடா'ன்னாரு, நானும் தொறந்தேனுங்க. ஆறு மாசம் இந்தக் கையில சோறு பிசைய முடியலீங்க."

நான் பௌதிகம் படித்தவன். என் கையில் ஒரு பட்டமும் இருக்கிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்றும், மலை ஏற ஏற, ஏறக்குறைய ஆயிரம் அடிக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறையும் என்றும் வருஷந்தோறும் பையன்களுக்குச் சொல்கிறவன். சுமார் 3,500 அடி உயரத்திலுள்ள வால்பாறையில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தக் குறையை ஈடு செய்யத்தான் மோட்டாரில் அழுத்த மூடி வைத்திருக்கிறார்கள். மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால், 110 டிகிரியில்கூடத் தண்ணீர் கொதிக்காமல் அடங்கியிருக்கும். அந்த நிலையில் மூடியைத் திறந்தால் என்ன ஆகும்? அழுத்தம் ஒரே நொடியில் போய்விடும். அடங்கியிருந்த தண்ணீர் அந்த நொடியிலேயே கொதித்தெழும். தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். அந்த இடத்தில் முதலில் இருப்பது திறந்தவனுடைய கையும் முகமுந்தான். இத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கை மூடியின்மேல் இருந்தது. அறிவு புஸ்தகத்தில் இருந்தது. அவசரம் கையில் இருந்தது.

வெட்கத்தை மறைப்பதற்காக, "மெதுவாகவே போனால் மேலே போய்ச் சேர்ந்துவிடலாம் அல்லவா?" என்று கேட்டேன்.

"போகலாமுங்க. நாம போயிருவோம், எஞ்சின் வராதுங்க" என்றார்.

சூட்டில் எஞ்சினின் தலைப்பாகம் வளைந்துவிட்டால் பல்லாயிரம் ரூபாய்ச் செலவு. பதினான்கு மாதத் தவணை பாக்கியுள்ள வண்டி. அந்த மனிதர் என் அவசரத்துக்காக அதைப் பணயம் வைக்க வேண்டும் என்று நான் கேட்டிருக்கிறேன் என்பது அப்புறந்தான் உறைத்தது. பச்சைத் தண்ணீரை எஞ்சின்மேல் ஊற்றி ஆற்றலாமே என்றும் ஒரு யோசனை சொன்னேன். காய்ந்த இரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும் என்று அதையும் தடுத்துவிட்டார். "ஆறட்டுமுங்க. ஒரு மணி நேரம் போனாப் போகுது" என்று பாதையோரத்துக் கைப்பிடிச் சுவரில் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டார்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் வியாதி இன்னதென்று கண்டுபிடித்தோம். வண்டிக்குள் பட்டறை ரசீது கிடந்தது. கணக்கு வாத்தியார் இல்லாத நாட்களில் கணக்குப் பாடமும் எடுக்கிறவன் ஆகையால் எதையும் கூட்டிப் பார்ப்பது என் பழக்கம். 'கூலண்ட் 7 லிட்டர்' என்று எழுதியிருந்தது. "இந்த வண்டிக்கு எவ்வளவு பிடிக்கும்?" என்று கேட்டேன்.

"பத்துப் புடிக்குமுங்க. பழசை முழுசா வடிச்சுப் போட்டுத்தான் புதுசு ஊத்தினாங்க."

பத்தில் ஏழு போனால் மூன்று. அந்த மூன்று லிட்டர் இடத்தில் என்ன இருக்கிறது? நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"காத்துங்க" என்றார் அவர். "வேகமா ஊத்தியிருக்காங்க. வாய் வரைக்கும் தண்ணி தெரிஞ்சதும் நிரம்பிருச்சுன்னு மூடிட்டாங்க. ஏர் எடுக்காம வுட்டுட்டாங்க."

வேன் ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "இங்கெதுக்கு ஏரு? உழுகவா போறோம்?" என்றாள். பட்டறை பாஷையில் 'ஏர்' என்றால் காற்று என்று விளக்கியதும், "அப்படீன்னா காத்துன்னு சொல்றதுதானே" என்று முடித்துவிட்டாள். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

காற்று எப்படி உள்ளே சிறைப்படுகிறது என்பதை டிரைவர் விளக்கிய விதம், என் வகுப்பில் நான் ஒரு நாளும் விளக்காத விதம். "உங்களுக்குக் கெணத்து மோட்டார் தெரியுமுங்களா?" என்று ஆரம்பித்தார்.

கொங்கு நாட்டில் கிணற்று மோட்டார் தெரியாதவர் யார்? பம்புசெட்டு செய்வதில் கோயமுத்தூர் இந்தியாவிலேயே முன்னணியில் நிற்கிற ஊர். காளைகளைப் பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளில், பைக்காரா மின்சாரம் வந்த 1930-களிலிருந்து படிப்படியாக மோட்டார்கள் இறங்கின. மேலே இருந்துகொண்டு உறிஞ்சும் பம்பு, தத்துவப்படி 34 அடிக்குமேல் தண்ணீரை உறிஞ்ச முடியாது. நடைமுறையில் 25 அடியே பெரிது. எங்கள் கிணறுகளோ அறுபதும் நூறும் அடி ஆழம். ஆகவே கிணற்றுக்குள்ளேயே பாதி ஆழத்தில் மேடை கட்டிப் பம்பை இறக்கி வைத்தார்கள். அந்தப் பம்பைச் சும்மா ஓட்டினால் தண்ணீர் வராது. முதலில் குழாய் நிறையத் தண்ணீர் ஊற்றி, உள்ளேயிருக்கிற காற்றையெல்லாம் வெளியேற்ற வேண்டும். அடி வால்வு கசிந்தால் சாணியைக் கரைத்து ஊற்றி அடைப்பார்கள். ஒரு கொட்டாங்கச்சி அளவு காற்று உள்ளே தங்கிவிட்டாலும், மோட்டார் பிரமாதமாகச் சப்தம் போட்டுக்கொண்டு சுற்றும். வாய்க்காலில் ஒரு சொட்டு விழாது. பம்பின் சக்கரம் தண்ணீரைத் தள்ளத் தெரிந்தது. காற்றைத் தள்ள அதற்குப் போதுமான பிடிப்பு கிடையாது.

"அதே கதைதானுங்க இதுவும்" என்றார் டிரைவர். "வண்டியில இருக்கறதும் பம்புதான். காத்து வந்து நின்னா, அது சும்மா சுத்திக்கிட்டே இருக்கும். தண்ணி நகராது."

இதற்குமேல் விளக்கம் என்னுடைய முறை. என் மகளுக்குச் சொன்னேன். ஒரே அளவுள்ள தண்ணீரும் காற்றும் சுமந்து செல்லும் உஷ்ணத்தை ஒப்பிட்டால், தண்ணீர் சுமப்பதில் மூவாயிரத்தில் ஒரு பங்குகூடக் காற்று சுமக்காது. ஆகவே எஞ்சினுக்குள் காற்று தங்கிய இடத்தில் உலோகம் தனியாகக் காய்கிறது. அங்கே தொடுகிற தண்ணீர் உடனே ஆவியாகிறது. அந்த ஆவி இன்னும் கொஞ்சம் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. உஷ்ணமானியின் நுனி தண்ணீரில் இருக்கும்போது ஒரு கணக்கும், காற்றில் இருக்கும்போது வேறு கணக்கும் காட்டுகிறது. முள் துள்ளியதும் விழுந்ததும் இதனால்தான். சமவெளியில் எஞ்சினுக்கு வேலை குறைவு, எதிர்க்காற்று அதிகம். அதனால் குற்றம் வெளியே தெரியவில்லை. மலை ஏறத் தொடங்கியதும் தெரிந்துவிட்டது.

நான்கு மணிக்குச் சற்று முன்னால், வால்பாறைக்குப் போகும் அரசாங்க பஸ் ஒன்று வளைவுக்கு முன் வேகத்தைக் குறைத்தது. "தண்ணி வேணுமுங்களா?" என்று ஓட்டுநர் குரல் கொடுத்தார். நடத்துநர் ஐந்து லிட்டர் கேன் ஒன்றை ஜன்னல் வழியாக இறக்கிவிட்டு, "கேனை மேல ஸ்டாண்டுல குடுத்துருங்க" என்றார். பெயர் கேட்கவில்லை, முகவரி கேட்கவில்லை. மலைப் பாதையில் தண்ணீர் கொடுப்பதற்கு இவை தேவையில்லை போலும்.

பிறகு வேலை தொடங்கியது. அந்த வேலையின் வரிசையை எழுதி வைக்கிறேன். மோட்டார் வைத்திருக்கும் வீட்டில் யாருக்காவது ஒரு நாள் பயன்படலாம்.

முதலில் மேல் ரப்பர் குழாயைத் தொட்டுப் பார்த்தார்; சூடு ஆறி, அமுக்கினால் அமுங்கும்படி மெத்தென்று இருந்தது. அதன் பிறகே மூடியின்மேல் கெட்டியான ஈரச்சாக்கைப் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, முதல் பிடி வரையில் மட்டும் திருப்பினார். 'உஸ்' என்று ஒரு மூச்சு வந்தது. அது அடங்கும்வரை காத்திருந்து முழுவதும் திறந்தார்.

"பாருங்க, மலையே நமக்கு ஜாக்கி போட்டுக் குடுத்திருக்குது" என்றார். ஏற்றத்தில் நின்றதால் வண்டியின் முன்பக்கம் உயர்ந்திருந்தது. ரேடியேட்டரின் வாய்தான் எல்லாவற்றிலும் மேலான இடம். தண்ணீருக்குள் அகப்பட்ட காற்று எப்போதும் மேல்நோக்கியே போகும். ஆகவே அதற்கு வாசல் மேலே இருக்க வேண்டும். சமதளமானால் முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்தித்தான் இதைச் செய்ய வேண்டுமாம்.

எஞ்சினின் உச்சியில், தெர்மோஸ்டாட் கூட்டின்மேல், ஒரு சின்னப் பித்தளைத் திருகு இருந்தது. காற்று வெளியேறுவதற்கென்றே வைத்த திருகு. அதை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தினார். என்னிடம் கேனைக் கொடுத்து, "ஊத்துங்க. ஆனா கொழந்தைக்குப் பால் புகட்டற மாதிரி ஊத்தோணுமுங்க" என்றார். நான் நூல் போல ஊற்றினேன். அவர் மேல் குழாயைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டார். திருகு வழியாக முதலில் சீறல் வந்தது; அப்புறம் நுரை; அப்புறம் 'தூ தூ' என்று காற்றும் தண்ணீரும் மாறி மாறித் துப்பிற்று. நான் ஊற்றுவதை நிறுத்தப் பார்த்தேன். "இன்னும் இருக்குதுங்க" என்றார். கடைசியில் குமிழி ஒன்றும் இல்லாமல் தண்ணீர் மட்டும் ஒழுங்காக வழிந்தபோது திருகை முடுக்கினார்.

அத்துடன் முடியவில்லை. மூடியைப் போடாமலே எஞ்சினைக் கிளப்பி நிதானமாக ஓடவிட்டார். தெர்மோஸ்டாட் என்பது எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருக்கும் ஒரு கதவு. உள்ளே சுமார் 82 டிகிரிக்குமேல் சூடேறினால்தான் அது திறக்கும். மூடியிருக்கும்போது அதன் பின்னால் ஒளிந்திருக்கிற காற்றை எவ்வளவு ஊற்றினாலும் வெளியேற்ற முடியாது. பத்து நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. திடீரென்று 'குளுக்' என்று ஒரு சப்தம். வாய் வரை இருந்த தண்ணீர் சரேலென்று உள்ளே இறங்கிற்று. பெரிய குமிழி ஒன்று மேலே வந்து உடைந்தது. அதன் பின்னால் சின்னக் குமிழிகள் வரிசையாக வந்தன. விட்ட இடத்தை நிரப்பினோம். மறுபடியும் திருகைத் தளர்த்தி முடுக்கினார். குமிழிகள் நின்ற பிறகே மூடியைப் போட்டார்.

ஊற்றிய தண்ணீரைக் கணக்குப் பார்த்தேன்: ஏறக்குறைய ஐந்து லிட்டர். கொதித்து வெளியே போனது இரண்டென்று வைத்தால், பட்டறையில் விட்டுப்போன மூன்றும் சரியாக வந்துவிட்டது. கணக்கு நேராக வந்த சந்தோஷத்தில் அவரிடம் சொன்னேன். "வெறும் தண்ணி இன்னைக்கு மட்டும் தாங்குமுங்க. கீழே எறங்கினதும் வடிச்சுட்டு நல்ல கூலண்டு ஊத்திரோணும். இல்லீன்னா உள்ளே துருப்புடிச்சிரும்" என்று அவர் வேறு கணக்குச் சொன்னார்.

புறப்படும்போது ஒரு சம்பவம். நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவர் ஏறவில்லை. "அந்தக் கல்லு ரெண்டையும் எடுத்து ஓரமாப் போடுங்க, வாத்தியாரய்யா. ராத்திரி மோட்டார் சைக்கிள்ல ஒரு பையன் வருவான்" என்றார். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கற்களைப் பாதையிலேயே விட்டுப் போகிறவர்களை நானும் கண்டித்துப் பேசியிருக்கிறேன். அன்று நானே விட்டுப் போகவிருந்தேன். இறங்கி, இரண்டையும் உருட்டிக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்து வைத்தேன்.

மேலே போகும் வழியெல்லாம் முள் நடுவில் ஆணி அடித்ததுபோல் நின்றது. என் மகள் பதின்மூன்றிலிருந்து மறுபடியும் எண்ணத் தொடங்கினாள்.

இந்தக் கதையைக் கனடாவில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவனிடம் பிறகு தொலைபேசியில் சொன்னேன். அவன் சிரித்தான். அங்கே பனிக்காலத்தில் பனிமேல் ஓடும் வண்டி ஒன்று உண்டு. கியூபெக் மாகாணத்து பொம்பார்டியே என்பவர் 1930-களில் பனிமேல் ஓடும் மோட்டார்களை உருவாக்கினார். 1959-இல் ஒருவர் இருவர் ஏறிச் செல்லும் சின்ன வண்டி அவருடைய தொழிற்சாலையிலிருந்து விற்பனைக்கு வந்தது. இப்போதுள்ள பனிவண்டிகள் பலவற்றில் முகப்பில் ரேடியேட்டர் கிடையாது. ஆசனத்துக்குக் கீழே நீளமான உலோகக் குழல்கள் கிடக்கின்றன; சுழலும் பட்டை வாரி அடிக்கிற பனியே அவற்றைக் குளிர்விக்கிறது. குழல்கள் நீளமாகவும் தாழ்வாகவும் படுத்துக் கிடப்பதால் காற்று அவற்றில் சுலபமாகத் தங்கிவிடும். ஆகவே தண்ணீர் மாற்றிய பிறகு வண்டியின் ஒரு முனையைத் தூக்கி நிறுத்தி, திருகைத் திறந்து, குமிழி நிற்கும்வரை காத்திருக்கிறார்களாம். "நம்ம கெணத்து மோட்டாருக்கு ஊத்துற மாதிரியேதான் சார்" என்றான். அவனும் அன்னூர்ப் பக்கத்துப் பையன். பனியானால் என்ன, பாறைக் கிணறானால் என்ன? காற்றின் குணம் ஒன்றுதான்.

அன்றைக்கு நாங்கள் தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது மணி ஆறரை. மஞ்சு இறங்கிவிட்டது. தேயிலைச் சரிவுகள் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் இருந்தன. பழைய குடியிருப்பில் வேறு குடும்பம் இருக்கிறது. அவர்கள் விஷயத்தைக் கேட்டதும் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். சில்வர் ஓக் மரம் இருந்தது. உச்சியை வெட்டியிருந்தார்கள், அடிமரம் இரண்டு பேர் சேர்ந்து கட்டிப் பிடிக்கிற அளவுக்குப் பெருத்திருந்தது. அம்மா அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

திரும்பி வந்து வேனில் ஏறுமுன், டிரைவரின் அருகே நின்று, "நீங்க அங்கே நிறுத்தாமப் போயிருந்தா நான் இதைப் பாத்திருக்க மாட்டேன்" என்றாள்.

"நான் என்னங்க பண்ணினேன், ஆத்தா? உள்ள இருந்த காத்துக்கு வழி வுட்டேன், அவ்வளவுதானுங்க" என்றார் அவர்.

பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம் ஆகிறது. பாடத்தை வேகமாகச் சொல்லிக்கொண்டு போகும்போது, பின் வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்குவதும், நான் பார்க்காததுபோல் போவதும் பழைய வழக்கம். இப்போதெல்லாம் கை தூக்கப்பட்டால் நின்றுவிடுகிறேன். உள்ளே எவ்வளவு ஊற்றினோம் என்பது ரசீதுக்கு உதவும். எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்பது, அந்தக் கையைப் பார்த்தால்தான் தெரிகிறது.